மூன்று பிக்சல் புள்ளி

அம்மா 32 வருடம் தமிழ் படிப்பித்தவர். கல்யாணக் கார்ட்டோ கடைப் பெயர்ப்பலகையோ, கண்ணில் படுகிற எழுத்துப் பிழையைச் சொல்லாமல் விடமாட்டார். வைகாசி மாதம் ஒரு பின்னேரம் தேத்தண்ணீரோடு என் அறைக்குள் வந்தவர், மேசையில் இருந்த சின்னத் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, உதில மெய்யெழுத்து ஒண்டுக்கும் புள்ளியைக் காணேல்லையே."

அந்தத் திரைக்கு முன்னால் மூன்று மணித்தியாலமாக இருந்தேன். மூலையில் ஓடிக்கொண்டிருந்த மில்லிசெக்கன் கணக்கைப் பார்த்தேனே தவிர, அதில் திறந்திருந்த செய்திப் பக்கத்தை வாசிக்கவில்லை. இப்போது வாசித்தேன். யாழபபாணம. பலகலைககழகம. மககள. எழுத்தெல்லாம் கூர்மையாக, வடிவாகத்தான் இருந்தது. புள்ளி மட்டும் இல்லை.

நான் கிராபிக்ஸ் டிரைவர் எழுதுகிறவன். நல்லூரில் எங்கள் வீட்டின் பின் அறைதான் வேலைத்தலம். சம்பளம் தருவது ஐரோப்பாவில் உள்ள ஒரு சிறிய நிறுவனம். எழுதுகிற நிரலோ யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில், மேசா என்ற திறமூலத் திட்டத்தில் சேர்கிறது. லினக்ஸ் கணினி ஒன்றில் ஒரு ஜன்னல் திறந்தாலும் ஒரு கேம் ஓடினாலும் பெரும்பாலும் அது மேசாவின் வழியாகத்தான் சிப்பைச் சென்றடைகிறது. பிரவுசர் "இந்த முக்கோணத்தை இந்த நிறத்தில் வரை" என்று ஓப்பன்ஜிஎல்லிலோ வல்கனிலோ சொல்லும். சிப்புக்கு அந்த மொழி தெரியாது. ஒவ்வொரு சிப்புக்கும் தன் சொந்தக் கட்டளை மொழி. நடுவில் நின்று மொழிபெயர்ப்பது எங்கள் வேலை. நினைவகத்தை ஒதுக்குவது, வேலையை வரிசையில் விடுவது எல்லாம் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் உள்ள இன்னொரு பகுதியின் பொறுப்பு. அதிலும் எப்போதாவது கை வைப்பேன்.

மேசாவை பிரையன் போல் என்பவர் தனியாளாகத் தொடங்கியது 1993 ஆகஸ்டில். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. எங்கள் வீட்டில் ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு. எனக்கு அப்போது நாலு வயது. அந்த வெளிச்சத்தில் அம்மா கொப்பி திருத்திக்கொண்டு இருந்தது நினைவில் இருக்கிறது. (மேசா என்ற சொல்லும் எங்கள் மேசையும் ஒன்றுதான். மேசை போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். திட்டத்துக்குப் பெயர் வைத்தவர் அதை நினைத்திருக்க மாட்டார், ஆனால் எனக்குப் பிடிக்கும்.)

என் மேசையில் நாலு போர்ட் இருக்கிறது. கைபேசிச் சிப் பொருத்திய, உள்ளங்கை அளவிலான சர்க்கிட். ஒவ்வொன்றிலும் மூன்று வயர் இழுத்து மடிக்கணினிக்குக் கொடுத்திருக்கிறேன். திரை உறைந்துபோனாலும் கேர்னல் கடைசியாக என்ன சொன்னது என்று அந்த வயர் வழியாக வாசிக்கலாம். தொங்கிப்போனால் மின்சாரத்தை வெட்டி மீண்டும் கொடுக்க ஒரு ரிலே. பிறகு ஒரு யுபிஎஸ், ஒரு மேசை மின்விசிறி. சோளகக் காற்றுக் காலத்தில் ஜன்னலைத் திறந்தால் புழுதி, பூட்டினால் வெக்கை. சிப் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் பகலில் எடுத்த வேக அளவு எதையும் நான் நம்புவதில்லை. என் மாற்றம் வேகத்தைக் கூட்டியதா, அல்லது அந்த நேரம் முகில் மூடியதா என்று பிரித்தறிய முடியாது. அளக்க வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்து, விடிய 4 மணிக்கு எழும்பி ஓட்டுவேன்.

இந்தப் போர்ட்களில் ஒன்று கொழும்பில் சுங்கத்தில் ஐந்து வாரம் கிடந்துதான் வந்தது. அது என்ன பொருள், ஏன் விலை போடவில்லை என்று திரும்பத் திரும்பக் கடிதம். மாதிரிக்குக் கொடுத்த போர்டுக்கு விலை இல்லை என்று விளங்கப்படுத்த, நானும் அனுப்பியவரும் ஆளுக்கு மூன்று கடிதம் எழுதினோம்.

ஐரோப்பாவில் காலை 9 மணி என்றால் எங்களுக்குக் கோடையில் 12:30, குளிர்காலத்தில் 1:30. அதற்கு முந்திய பொழுது முழுக்க எனக்கே எனக்கு. யாரும் கூப்பிடமாட்டார்கள். பகல் ஆனதும் கேள்விகள் வரத் தொடங்கும், அநேகமாக எழுத்தில். இந்த வேலையில் நான் நிலைத்ததற்குக் காரணமே அந்த எழுத்துத்தான். தொடக்கத்தில் எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், கதைக்க வராது. நேரில் இருக்கும் அலுவலகமாக இருந்திருந்தால், ஒரு வசனத்தை மனதில் கட்டி முடிக்க முதல் கூட்டம் முடிந்திருக்கும். இங்கே ஒவ்வொரு மாற்றத்துடனும் அது ஏன் தேவை, இதற்கு முதல் என்ன நடந்தது, வேறு வழி ஏன் சரிவராது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாசிப்பவர் அதில் பிழை பிடிப்பார். திருத்தி மீண்டும் அனுப்புவேன். கொப்பி திருத்துகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அது புதிய விஷயம் இல்லை. இன்னும் ஒன்று: பத்து வருடத்துக்கு முதல் யாரோ ஏன் அப்படி எழுதினார்கள் என்பது அங்கேயே இருக்கிறது. யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லை, வாசித்தால் போதும். சில சிப்களுக்கு உற்பத்தியாளர் ஆவணமே தரமாட்டார். அவர்களுடைய மூடிய டிரைவரை ஓடவிட்டு, அது நினைவகத்தில் எழுதுவதைப் பிடித்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி எந்த பிட் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். 2012 இல் ரொப் கிளார்க், குவால்காம் கைபேசிச் சிப்களுக்கான திறமூல டிரைவரான ஃப்ரீட்ரீனோவைத் தொடங்கியது அப்படித்தான். அந்தக் குறிப்புகளை வாசித்து வாசித்துத்தான் நான் தொழில் பழகினேன்.

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களிலும் வேலை நிற்கவில்லை. யுபிஎஸ் தாங்குகிற கொஞ்ச நேரத்துக்குள் மாற்றத்தை அனுப்பிவிடுவேன். தானியங்கிச் சோதனை வேறு நாடுகளில் அடுக்கி வைத்திருக்கும் போர்ட்களில் ஓடும். எங்கள் வீடு இருண்டு கிடக்கும்போது அங்கே இலட்சக் கணக்கான சோதனைகள் நடந்துகொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் முதல் வேலை முடிவைப் பார்ப்பதுதான்.

சரி, புள்ளிக்கு வருகிறேன்.

முதலில் எழுத்துருவைச் சந்தேகப்பட்டேன். அதே எழுத்துரு மடிக்கணினியில் சரியாக இருந்தது. பிறகு அதே போர்டில், அதே பிரவுசரை, சிப்பைத் தொடாமல் சிபியுவால் மட்டும் வரையவிட்டேன். மேசாவில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது, எல்எல்விஎம்பைப் என்று பெயர். புள்ளிகள் எல்லாம் வந்து உட்கார்ந்தன. அப்படியென்றால் பிழை எங்கள் டிரைவரில். மீண்டும் சிப்பில் ஓட்டினேன், இந்த முறையும் புள்ளிகள் இருந்தன! பக்கத்தை மூடித் திறந்தேன். இருந்தன. மூன்றாம் முறை இல்லை.

ஒரு பிழை வந்து வந்து போவது போல் தலையிடி வேறில்லை. அன்று இரவு முழுக்க அதோடுதான்.

பிரவுசர் ஒவ்வொரு எழுத்தையும் திரையில் நேரே வரைவதில்லை. எழுத்து வடிவங்களை எல்லாம் ஒரு பெரிய படத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அதிலிருந்து வெட்டி எடுத்து வைக்கும். ஒரு பிரேமைப் பிடித்து அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். க இருந்தது, ம இருந்தது, கொம்பு இருந்தது. இந்த எழுத்துருவில் புள்ளி ஒரு தனி வடிவம், அந்த அளவில் 3க்கு 3 பிக்சல். அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வரைவதில் பிழை இல்லை, ஏற்றும்போதே விட்டுப்போயிருக்கிறது.

சிப் ஒரு படத்தை மேலிருந்து கீழ் வரி வரியாக வைத்துக்கொள்வதில்லை. கோண்டாவில் பக்கம் வெங்காயத் தோட்டம் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தோட்டம் முழுக்கப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு பாத்தி நிறைந்த பிறகு அடுத்ததற்குத் தண்ணீர் மாறுவார்கள். அப்படித்தான் இங்கேயும்: 4க்கு 4 பிக்சல் ஒரு பாத்தி. பக்கத்தில் பக்கத்தில் உள்ள பிக்சல்கள் நினைவகத்திலும் பக்கத்தில் இருந்தால் சிப்புக்கு வேகம். எங்கள் டிரைவரில் ஒரு படத்துண்டை ஏற்றும் பகுதி, முழுப் பாத்திகளை வேகமான வழியில் நிரப்பிவிட்டு, ஓரத்தில் மிஞ்சுவதை மெதுவான வழியில் நிரப்பும். துண்டு முழுவதும் ஒரே பாத்திக்குள் அடங்கிவிட்டால்? முழுப் பாத்தியும் இல்லை, இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஓரமும் இல்லை. அந்தப் பகுதி "செய்ய ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிட்டது. பல வருடமாக அப்படியே இருந்த மூன்று வரி.

3க்கு 3 புள்ளி ஒரு பாத்தியில் தொடங்கக்கூடிய இடங்கள் 16. அதில் 4 இடங்களில் மட்டும்தான் அது பாத்திக்குள் முழுதாக அடங்கும். மற்ற 12 இல் பக்கத்துப் பாத்தியைத் தொட்டுவிடும், பிழை வெளியே தெரியாது. புள்ளி எங்கே போய் ஒட்டுப்படுகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறியது. அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்த நேரம் அது அந்த நாலில் ஒன்றில் இருந்திருக்கிறது.

பிறகு தேடிப் பார்த்தால், மூன்று கிழமைக்கு முதலே ஒருவர் "எழுத்து ஏதோ வித்தியாசமாகத் தெரிகிறது" என்று ஒரு ஆங்கிலப் பக்கத்தின் படத்தோடு எழுதியிருந்தார். நானும் அந்தப் படத்தைப் பார்த்தவன்தான், ஒன்றும் பிடிபடவில்லை. இப்போது பார்த்தேன்: முற்றுப்புள்ளிகள் இல்லை. ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளி போனால் கண் தாண்டிப் போய்விடும். தமிழில் புள்ளி போனால் வாசிப்பே தடக்குப்படும்.

அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு அது அதிசயமாகப் படவில்லை. "ஏட்டில எழுதினவையும் புள்ளி வைக்கிறேல்லைத்தானே. எழுத்தாணி குத்தினா ஓலை கிழிஞ்சிடும். வாசிக்கிறவைதான் பார்த்து வைக்க வேணும்." எங்கள் ஊர் நாவலரும் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தபோது அந்தப் புள்ளிகளை எல்லாம் ஒவ்வொன்றாக வைத்திருப்பார்கள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

திருத்தம் சின்னது. சோதனைதான் பெரிது. 1க்கு 1 முதல் 8க்கு 8 வரை எல்லா அளவையும், 16 தொடக்க இடங்களிலும் ஏற்றிப் பார்க்க ஒரு சோதனை எழுதினேன். மொத்தம் 1024. பழைய நிரலில் 99 தோற்றது, புதியதில் ஒன்றும் இல்லை. பரிசீலித்தவர் நிரலில் ஒரு பெயரை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, "புள்ளி என்றால் என்ன, அது இல்லாவிட்டால் ஏன் வேறு எழுத்தாகிறது என்பதைக் குறிப்பில் எழுதுங்கள், பின்னால் வாசிப்பவர்களுக்கு உதவும்" என்றார். எழுதினேன். அந்தப் பத்தி எழுதத்தான் நிரலைவிடக் கூட நேரம் எடுத்தது. பிழையைக் கண்டவர் என்ற வரியில் அம்மாவின் பெயர்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ஒவ்வொரு முறையும் கோல் எடுக்கும்போது "இஞ்ச வந்தா என்ன" என்று கேட்பான். 2023 ஐப்பசியில் ஸ்பெயினின் ஆ கொருன்யாவில் எங்கள் துறையின் எக்ஸ்டிசி மாநாடு நடந்தபோது போகத்தான் ஆசைப்பட்டேன். 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் கொழும்புக்கு இரண்டு முறை போய்வந்தேன். வீசா வந்ததோ மாநாடு முடிந்த பிறகுதான். பின் அறையில் இருந்து நேரலையில் பார்த்தேன். அது இன்னும் வலிக்கிறது. ஆனாலும் போய்த் திரும்பி வருவதற்குத்தான் ஆசைப்பட்டேன். எனக்கு வேலை செய்ய விருப்பம் இந்த அறையில்தான்.

திருத்தம் சேர்ந்த அன்று பின்னேரம் போர்டை இயக்கி, அதே செய்திப் பக்கத்தைத் திறந்து வைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரி பிடித்து, தலைப்பில் இருந்து கடைசி வரை வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இதில ஒரு ஒற்று விடுபட்டிருக்கு. 'கல்வி துறை'யாம்."

"அது டிரைவர் இல்லை அம்மா. எழுதினவர் விட்டது."

"அப்ப அவருக்கும் எழுதிப் போடு" என்றார்.