பல்லாவரத்தில் இறங்கியபோது

தாம்பரம் ரயிலில் எத்தனையோ வருஷம் பல்லாவரத்தைக் கடந்து போயிருக்கிறேன், இறங்கியது என்னவோ வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மட்டும்தான். பல்லாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போ என்று அம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் போன மாதம் ஒரு நாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

முகூர்த்த நாள் என்பதை நான் கவனிக்கவில்லை. அடிவாரம் முழுக்கக் கல்யாணக் கூட்டம், மாலையும் கழுத்துமாக ஜோடிகள். நடுவில் புகுந்து நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்தோம். இங்கே பெருமாள் நின்ற கோலம். "மேலே மூணு பேர் இருக்காங்க, எல்லாரையும் பார்த்துட்டுத்தான் இறங்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மா எனக்கு முன்னால் படியேற ஆரம்பித்துவிட்டார். சயனத்தில் ரங்கநாதர், அமர்ந்த கோலத்தில் நரசிம்மர், நடந்த கோலத்தில் உலகளந்த பெருமாள். நறையூரில் நிற்பவன், திருவாலியில் இருப்பவன், குடந்தையில் கிடப்பவன், கோவலூரில் நடப்பவன், அவனுக்கு இடம் இந்த நீர்மலை என்று திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். அவர் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம், வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தாராம். எனக்கோ ரங்கநாதர் சன்னதி வரிசையில் அரை மணி நேரம் நிற்பதற்குள் கால் கடுத்தது.

திரும்பும் வழியில் பல்லாவரம் மலை. மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இங்கேதான் இருக்கிறது, அவன் பட்டப்பெயர்கள் கல்வெட்டாக இருக்கின்றன, ஆனால் இப்போது அது தர்கா. பல்லவபுரம்தான் பல்லாவரம் ஆனது, பெயருக்குக் காரணமானவனின் கல் இன்னும் வழிபாட்டில்தான் இருக்கிறது, அதுவே போதும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஊரின் வயசு பல்லவர்களோடு நிற்கவில்லை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் இங்கே ஒரு சரளைக் குழியில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார், இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த இடத்தைத் தாண்டித்தான் இவ்வளவு வருஷமும் செல்போனைப் பார்த்தபடி போயிருக்கிறேன்.

சாயங்காலம் திருசூலம். விமான நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், மலைகளுக்கு நடுவே திருசூலநாதர். சோழர் காலக் கல்வெட்டில் ஊர்ப்பெயர் திருச்சுரம். சுற்றியுள்ள மலைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அவ்வளவு உடைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கருங்கல்லுக்கு ஒரு தனிக்கதை உண்டு. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை, அதை வைத்துத்தான் 1893இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் இந்தப் பாறைக்கு சார்னகைட் என்று பெயர் வைத்தார்.

அம்மாவுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை, திரிபுரசுந்தரி சன்னதியில் போய் நின்றுவிட்டார். தீபாராதனை நேரத்தில் தலைக்கு மேலே ஒரு விமானம். மந்திரம் யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் அர்ச்சகர் நிறுத்தினார், கற்பூரத்தட்டைக் கையில் பிடித்தபடி சத்தம் அடங்கும்வரை நின்றார், அப்புறம் விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.