கத்திரி வெயிலில் இஞ்சி பீர்

மே 4
கத்திரி தொடங்கிய அன்றே இஞ்சி பீர் வேலையையும் தொடங்கியாயிற்று. இஞ்சியையும் இனிப்பையும் புளிக்கவைத்து நுரை கட்டவிடும் பானம் அது. பார்லி பீரை வீட்டில் வடிக்க நம் மாநிலத்தில் வழியில்லை. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. இஞ்சி பீரிலும் புளிக்கும்போது துளி ஆல்கஹால் வரத்தான் செய்யும். அதனால் நுரை கட்டியதும் ஃப்ரிட்ஜில் ஏற்றி, சீக்கிரம் குடித்துவிட வேண்டும்.

பாளை மார்க்கெட்டில் நல்ல பச்சை இஞ்சி கிடைத்தது. கழுவினேன், தோல் சீவவில்லை. புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் அந்தத் தோலில்தான் இருக்கிறது. துருவிய இஞ்சி 2 கரண்டி, சீனி 2 கரண்டி, தண்ணீர் 2 டம்ளர். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் ஈஸ்டுக்கு ஆகாது என்பதால் கொதிக்க வைத்து ஆற்றித்தான் ஊற்றினேன். ஜாடி வாயில் வேட்டித்துணி கட்டி அடுக்களை மூலையில் வைத்தாயிற்று. தயிருக்கு உறைமோர் மாதிரி, இஞ்சி பீருக்கு இந்தக் கலவைதான் உறை.

மே 5
அசைவே இல்லை. இன்னும் ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சீனி போட்டுக் கிளறினேன்.

மே 6
துணியை அவிழ்த்தால் துருவல் முழுக்க மேலே வந்து மிதக்கிறது. ஜாடி ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ்கள். காதைக் கொண்டுபோனால் சுர்ரென்று சத்தம். உறை தயாராக ஐந்து நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும் என்று செய்முறைகளில் சொல்வதெல்லாம் குளிர்நாட்டு அடுக்களைக் கணக்கு. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “தோசை மாவு ஒரு ராத்திரியில பொங்குது, இதுக்கு எதுக்குல ஒரு வாரம்?” என்றாள். சரியான கேள்வி. இங்கே நாளை எண்ணக் கூடாது, குமிழைத்தான் பார்க்க வேண்டும்.

மே 7
இன்று வடிப்பு. 2 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் இஞ்சியை நசுக்கிப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். இறக்கி, உடன்குடிக் கருப்பட்டி 200 கிராம் தட்டிப் போட்டுக் கரைத்தேன். கருப்பட்டியில் மண் இருக்கும், இரண்டு தடவை வடிகட்டியே ஆகவேண்டும். நன்றாக ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறும் அரை டம்ளர் உறையும். சூட்டோடு உறையை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்.

அடைத்தது பிளாஸ்டிக் சோடா பாட்டில்களில், மேலே இரண்டு விரல் இடம் விட்டு. கண்ணாடி என்றால் உள்ளே வாயு எவ்வளவு ஏறியது என்று தெரியாது, வெடிக்கவும் செய்யும். பிளாஸ்டிக்கை அமுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இஞ்சி பீரில் ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வேலை செய்வதை 1892-இல் விரிவாக எழுதியவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட். அவர் பார்த்தது வேறு வகை உறை. 1880 வாக்கில் அதே மனிதர் இலங்கையில் காப்பிச் செடியின் இலைநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் காப்பித் தோட்டங்களுக்கு நம் சீமையிலிருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள். படித்ததிலிருந்து அது மனசிலேயே நிற்கிறது.

மே 8
காலையில் பாட்டில் லேசாக அமுங்கியது. சாயங்காலம் விரலே இறங்கவில்லை. உடனே எல்லாம் ஃப்ரிட்ஜுக்குள்.

மே 9
மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வாயுவை விட்டேன். டம்ளரில் பழுப்பு நுரை ஏறி, மெதுவாக அடங்கியது. முதலில் இஞ்சிக் காரம், அப்புறம் புளிப்பு, கடைசியில் தொண்டையில் கருப்பட்டி. கடையில் வாயு ஏற்றி விற்கிற எதிலும் இந்த ருசி வராது. மதினி இரண்டாவது டம்ளர் கேட்டாள். ஆச்சிக்குக் கருப்பட்டி வாசம் தூக்கலாம்.

அடுத்த வடிப்புக்குக் கருப்பட்டி பாதி, சீனி பாதி. மிச்ச உறை ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வாரம் ஒரு தடவை இஞ்சியும் சீனியும் போட்டால் போதும்.