ஏறும்போது மணி அடிக்காதீர்கள்

மலைப்பாதையில் சைக்கிள்காரருக்கும் நடந்து போகிறவருக்கும் வாக்குவாதம் என்றால், மேலிருந்து எவனோ கண்மண் தெரியாமல் இறங்கியிருப்பான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முந்தி அது சரி. மிதிக்கும்போது மோட்டாரும் சேர்ந்து தள்ளுகிற ஈ-பைக் பெருகிய பிறகு நான் பார்க்கிற வாக்குவாதங்கள் கனக்க ஏற்றத்தில்தான் நடக்கின்றன. மலைச் சைக்கிளுக்கு என்று இருக்கிற ஒழுங்குகள் எல்லாம் இறக்கத்தை மனதில் வைத்து வந்தவை. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறை, பின்சில்லைப் பூட்டி மண்ணை இழுத்துக்கொண்டு போகாதே, நடப்பவர் வந்தால் நில். ஏறுகிறவனைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவன் பாவம், மூச்சு வாங்கிக்கொண்டு வருவான், வழி விடு. அவ்வளவுதான்.

அந்தப் பாவப்பட்டவன் இப்போது மணிக்கு 15 கிலோமீற்றரில் ஏறி வருகிறான். நானும் அப்படித்தான் வருகிறேன்.

நான் இருப்பது கூரில், சுவிஸின் கிழக்கு மூலையில் உள்ள கிறவ்புண்டன் மாநிலத்தின் தலைநகர். வேலை ஒரு முதியோர் இல்லத்தில். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. கூர் 600 மீற்றர் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேலே இருக்கிற லென்சர்ஹைட என்ற ஊர் 1,470 மீற்றர் அளவில். அந்த உயரத்தை என்னுடைய முழங்கால் ஏறாது. நோயாளிகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முழங்கால் அது. அதனால் 'மோட்டார் வைத்து ஏறுவது களவு' என்கிற கதை என்னிடம் எடுபடாது. என்னுடையது ஒருவர் பாவித்து விற்ற ஈ-பைக், பற்றரியோடு 24 கிலோ. அண்ணாவின் மகனுக்குப் பதினேழு வயது. அவனிடம் இருப்பது மோட்டார் இல்லாதது. இங்கத்தைய இளசுகள் அதைப் 'பயோ பைக்' என்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து போவோம், மேலே போய்ச் சேரும்போது சேர்ந்திருக்க மாட்டோம்.

சட்டத்தைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். சுவிஸ் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, சைக்கிளுக்குப் பொருந்தாத நடைபாதைகளிலும் மலைநடை வழிகளிலும் சைக்கிள் ஓட்டக் கூடாது என்கிறது. எது பொருந்தும், எது பொருந்தாது என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். கிறவ்புண்டன் இதில் தாராளம். பிரித்துத் தடை போடுவதைவிடச் சேர்ந்து போகப் பழக்குவோம் என்பதுதான் இவர்களுடைய வழி; 'ஃபேர் டிறெயில்' என்று அதற்கொரு பிரசாரமே இருக்கிறது. ஆகவே மஞ்சள் பலகை போட்ட நடைவழியிலும், பாறையில் வெள்ளை சிவப்பு வெள்ளை கோடு பூசிய மலைவழியிலும் பல இடங்களில் சைக்கிளும் வரும். 25 கிலோமீற்றர் வேகத்தில் மோட்டார் தானே நின்றுவிடுகிற சாதாரண ஈ-பைக்கும் சைக்கிள் கணக்கில்தான். 45 வரை போகிற, மஞ்சள் இலக்கத்தகடு போட்ட வேக ஈ-பைக் வேறு சாதி. அது மொப்பெட் கணக்கு. மொப்பெட் தடைப் பலகை இருக்கிற இடத்தில் அதன் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் ஓட்டலாம். எந்த ஈ-பைக்காக இருந்தாலும் 2022 ஏப்ரலில் இருந்து பகலிலும் லைட் எரிய வேண்டும், காட்டுக்குள்ளும்தான். அதைப் போடாமல் வருகிறவர்களை ஒவ்வொரு வாரமும் காண்கிறேன்.

சட்டம் அனுமதிக்கிற இடத்தில்தான் மரியாதைக்கு வேலை வருகிறது. சரி, ஏற்றத்துக்கு வருவோம்.

செங்குத்தான பாதையில் நடக்கிற ஆள் மணிக்கு 3, 4 கிலோமீற்றர் போவார். காலால் மிதிக்கிறவர் 6, 7. இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிதிக்கிறவரின் மூச்சும் சங்கிலிச் சத்தமும் அவருக்கு முன்னாலேயே வந்துவிடும். நடப்பவர் ஆறுதலாகத் திரும்பிப் பார்த்து ஒதுங்குவார். ஈ-பைக் அப்படியில்லை. மூச்சு வாங்காது. மோட்டாரின் 'ங்ங்' பக்கத்தில் ஓடை ஒன்று இருந்தால் கேட்காது. அதைவிட முக்கியம், ஏறிக்கொண்டிருக்கிறவர் பின்னால் இருந்து ஒன்று வரும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. வாழ்நாள் முழுக்க மலை நடந்த எழுபது வயது ஆட்கள் இவர்கள். ஆபத்து மேலிருந்து வரும் என்றுதான் அவர்களுக்குப் பழக்கம். முதுகுக்குப் பின்னால் திடீரென்று 'டிங்' என்று கேட்டால் முதலில் திடுக்கிடுவார்கள், பிறகு தப்பான பக்கம் பாய்வார்கள், அதற்குப் பிறகுதான் கோபம் வரும்.

அதனால்தான் ஏறும்போது மணி வேண்டாம் என்கிறேன். வாய்தான் நல்லது. இந்த மலைகளில் எதிர்ப்படுகிற எவருக்கும் வணக்கம் சொல்வது வழக்கம். கூர்ப் பக்கம் 'குறுயெட்சி', எங்கடின் பள்ளத்தாக்கில் ரொமான்ஷ் மொழியில் 'அலேக்ரா', தெற்கே போஸ்கியாவோவில் இத்தாலிய மொழியில் 'புவோன்ஜோர்னோ'. மூன்று மொழி மாநிலம் இது. அந்த வணக்கத்தை 30 மீற்றர் தள்ளியே சொல்லிவிட வேண்டும், பக்கத்தில் வந்து அல்ல. கூரில் இருந்து மேலே ஏறுகிற மஞ்சள் போஸ்ட் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மலைவீதிகளில் மூன்று சுரக் கொம்பை வளைவுக்கு முன்னாலேயே ஊதுவார்கள், வளைவுக்குள் போய் அல்ல.

சொல்லிவிட்டு உடனே மோட்டாரின் உதவியைக் குறைக்க வேண்டும். மோட்டார் முழுப்பலத்தோடு தள்ளுகிற டேர்போவில் வந்து, ஆளுக்குப் பக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினால் போதும் என்று புதிதாக ஓட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். போதாது. பல மோட்டார்கள் கால் நின்ற பிறகும் ஒரு கணம் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். கல்லுக்கு மேல் ஏறுவதற்கு அது பெரிய உதவி. ஒரு கிழவரின் கைத்தடிக்கு அரை மீற்றர் பின்னால் அது உதவி இல்லை. நான் வணக்கம் சொல்கிற இடத்திலேயே இடது பெருவிரலால், மோட்டார் குறைவாக உதவுகிற எக்கோவுக்கு வந்துவிடுவேன். அப்போது சைக்கிள் கனக்கத் தொடங்கும், எனக்கும் மூச்சு வாங்கும். அந்த மூச்சுச் சத்தம் கேட்டால் நடப்பவர்களின் முகம் தானாக இளகுவதைப் பார்த்திருக்கிறேன். நடிப்பில்லை, உண்மையாகவே வாங்குகிறது.

கூருக்கும் லென்சர்ஹைடவுக்கும் இடையே இருக்கிற கூர்வால்டனுக்கு மேலே காட்டுக்குள் ஒரு ஒடுக்கமான வளைவு. இடப்பக்கம் வேர் தெரிகிற மண்சுவர், வலப்பக்கம் சரிவு. ஒரு வயதான சோடி, ஆளுக்கு இரண்டு கைத்தடி, ஒரு நாய். என்னைக் கண்டதும் மனுசி நல்ல எண்ணத்தில் சரிவுப் பக்கம் ஒதுங்கினா. தடியை ஊன்றின இடம் வெறும் பைன் ஊசிக் குவியல், தடி வழுக்கியது. அவ விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம்: ஒருவர் சரிவுப் பக்கம் ஒதுங்கினால் நான் தாண்டுவதே இல்லை. காலை ஊன்றி நின்று, 'தயவுசெய்து உள்பக்கம் நில்லுங்கள், எனக்கு அவசரமில்லை' என்பேன். 24 கிலோவை மறுபடி ஏற்றத்தில் கிளப்புவது எனக்குச் சின்ன வேலை, மோட்டார் இருக்கிறது. அவர்களுக்கு மோட்டார் இல்லை. எந்தப் பக்கம் நிற்பது, யார் முதலில் போவது எல்லாம் நடப்பவர் முடிவு செய்யட்டும். பத்துக்கு ஒன்பது பேர் கையைக் காட்டிப் போகச் சொல்வார்கள்.

நடப்பவர்களைவிட நுட்பமான விஷயம் பயோ பைக் ஆட்கள். இதில் எனக்கு ஆசிரியர் மருமகன்தான். 'மாமி, கடந்து போறதெண்டால் கடந்து போங்கோ. பக்கத்தில வந்து கதைக்காதேங்கோ' என்றான் ஒருநாள். நான் அன்பாகத்தான் 'நல்லா ஏறுறாய் தம்பி' என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நாடித்துடிப்பு 180இல் நிற்கிற ஆளுக்கு, வேர்க்காத முகத்தோடு ஒருத்தி பக்கத்தில் வந்து ஊக்கம் கொடுப்பது எப்படி இருக்கும் என்று பிறகு விளங்கியது. கடக்காமல் அவனுடைய பின்சில்லிலேயே ஒட்டிக்கொண்டு வருவது இன்னும் மோசமாம். காதுக்குள் நுளம்பு ரீங்கரிப்பது மாதிரி மோட்டார் கேட்டுக்கொண்டே இருக்குமாம். ஆகவே: தூரத்தில் வைத்தே 'ஈ-பைக் ஒன்று வருது' என்று சொல்லுங்கள், அகலமான இடம் வரும்வரை தள்ளி நில்லுங்கள், பிறகு சில்லால் கல்லைத் தெறிக்கவிடாமல் ஒரே வீச்சில் கடந்து பார்வையை விட்டுப் போய்விடுங்கள். கடந்து இருபது மீற்றரில் நின்று போன் பார்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும் என்பது பழைய வழக்கம். நின்றால் ஏற்றத்தில் மறுபடி தொடங்குவது கஷ்டம் என்பதுதான் அதற்குக் காரணம். எனக்கு அந்தக் கஷ்டம் பெரிதாக இல்லை. ஆகவே ஒதுங்க இடம் இருந்தால் நானே ஒதுங்கிவிடுகிறேன். மருமகன் இதை ஒத்துக்கொள்வதில்லை. 'இறங்கிறவன் எப்பவும் நிக்கக்கூடிய வேகத்தில வரவேணும், நீங்கள் இப்படி விட்டுக்குடுத்தால் அவனுக்கு அது பழகிப்போகும், அடுத்தது நான் வருவன், எனக்கும் விடமாட்டான்' என்கிறான். அவன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. இன்னும் தீர்ந்தபாடில்லை.

மேய்ச்சல் நிலத்துப் படலைகள் தனிக் கதை. கோடையில் மாடுகள் மேலே இருக்கும், பாதையைக் குறுக்கே வெட்டி மின்வேலி போகும். கடக்கிற இடத்தில் வெள்ளை நாடா, அதன் நுனியில் பிளாஸ்ரிக் கைபிடி, கைபிடிக்குள் சுருள்கம்பி, முனையில் கொளுக்கி. பயோ பைக்காரன் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டுக் குனிந்து போய்விடுவான். எங்களால் தூக்க முடியாது, கழற்றியே ஆக வேண்டும். ஒரு கையில் கொளுக்கி, மறு கையால் 24 கிலோவைத் தள்ள வேண்டும், இடுப்பை இருக்கையில் சாய்த்துக்கொண்டு. இந்தச் சர்க்கஸில் அலுத்துப்போய்ச் சிலர் நாடாவை நிலத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஈரப் புல்லில் கிடந்தால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும், வேலி செத்துவிடும், மாடு வெளியே வரும். தேடித் திரிவது விவசாயி. அடுத்து வருகிறவரின் சங்கிலிக்குள் நாடா சுற்றினால் அது இன்னொரு கூத்து. திறந்திருந்தது திறந்தபடி, மூடியிருந்தது மூடியபடி. கன்றோடு நிற்கிற தாய்ப்பசு என்றால் இன்னும் கவனம்: தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் புகக் கூடாது, சுற்றிப் போக இடம் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும்.

மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அது சட்டப்படி சைக்கிளே இல்லை. அவர்களோடு எனக்குக் கதை இல்லை.

எங்கள் தமிழ்ச் சனத்துக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை லென்சர்ஹைட ஏரிக்கரைக்கு நாங்களும் குடும்பமாக வருகிறோம், ரோல்ஸ், பற்றிஸ், ஐஸ் பெட்டி எல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு. நல்லது, வர வேண்டும். ஆனால் ஐந்து பேர் கைகோர்த்த மாதிரிப் பாதை அகலத்துக்கு நடந்து, நடுவில் நின்று படமும் எடுத்தால், பின்னால் வருகிறவர் எவ்வளவு மரியாதையாக 'குறுயெட்சி' சொன்னாலும் பலனில்லை. முன்னுரிமை நடப்பவருக்குத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வணக்கம் கேட்டால் திரும்பிப் பாருங்கள். பின்னால் வருவது நானாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் சொன்னாலும், என்னுடைய சொந்த முடிவு இன்னும் எளிமையானது. ஒடுக்கமான மலைவழிகளில் ஏறுவதையே நான் குறைத்துவிட்டேன். அநேகமாக எந்த மேய்ச்சல் நிலத்துக்கும் ஒரு காட்டு வீதி போகும். விவசாயியின் டிராக்டர் போகிற சரளைக்கல் வீதி, இரண்டு பேர் தாராளமாகக் கடக்கலாம். அதில் ஏறுவேன், ஒடுக்கமான வழியை இறங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்வேன். இறங்கும்போதும் 24 கிலோ நிற்பதற்குக் கூடுதல் தூரம் கேட்கும், அதனால் பிறேக் கட்டைகளைச் சீசன் தொடங்க முன்னமே மாற்றிவிடுவேன். 2018இல் உலகக் கோப்பைக்கு மேலான உலகச் சம்பியன்ஷிப்பே நடந்த இடம் லென்சர்ஹைட. சைக்கிளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய தடங்களும் அங்கே உண்டு, கெதியாக இறங்க ஆசைப்பட்டால் அங்கே போகலாம்.

வீதியில் ஏறுவது சப்பென்று இருக்கும், வேர்களுக்கும் கற்களுக்கும் இடையே மோட்டாரோடு ஏறுவதுதான் ஈ-பைக்கின் ருசியே என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், எனக்கும் அந்த ருசி தெரியும். அதற்கு வேலை நாளில் காலை ஷிஃப்ட் முடிந்த பின்னேரங்கள் இருக்கின்றன, பாதையில் ஆள் இருக்காது. ஞாயிறு என்றால் வீதிதான்.