கேட் அண்ட் ஃபிடில் சாலையில் ஒரு கமாண்டோ

இங்கிலாந்தின் டார்பிஷர் பக்கம் மாட்லாக் பாத் என்று ஒரு சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டெர்வெண்ட் ஆற்றங்கரைத் தெரு முழுக்க பைக்தான். அந்த வரிசையில் நார்ட்டன் கமாண்டோ என்ற பழைய பிரிட்டிஷ் பைக்கைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை வேண்டாம். ஐட்லிங்கில் என்ஜின் ஃபிரேமுக்குள் தனியாக ஆடும், மட்கார்டு நடுங்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை.

இந்த என்ஜினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆகவே உதறல் ஒரு பெரிய ஒற்றை சிலிண்டருடையது போலத்தான். கிராங்கில் எதிர்எடை கூட்டினால் மேல்-கீழ் அதிர்வு குறைந்து முன்-பின் அதிர்வு கூடும், அவ்வளவே. நார்ட்டனின் முந்தைய மாடலான அட்லஸில் 750 சிசி என்ஜினை ஃபிரேமோடு இறுக்கிக் கட்டியதால் கை மரத்துப் போனது. 1967இல் வந்த கமாண்டோவில் என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒரே கூட்டாக்கி ரப்பரில் தொங்கவிட்டார்கள். ஐசோலாஸ்டிக் என்று பெயர். அதிர்வு அப்படியே இருக்கும், ஓட்டுபவரிடம் வராது.

ஏ6 சாலையில் பேக்வெல் வழியாக பக்ஸ்டன் போகும்போது இது புரியும். மூவாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டியதும் ஆட்டம் அடங்கி வண்டி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு மேலும் ஹேண்டில்பார் ரீங்கரித்தால், என்ஜின் கூட்டு எங்கோ ஃபிரேமைத் தொடுகிறது என்று பொருள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கும், எக்ஸாஸ்ட் குழாய் ஃபிரேமில் உரசும், என்ஜின் தலையை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹெட் ஸ்டெடியின் ரப்பர் கல்லாகியிருக்கும். உரசிய இடத்தில் பெயிண்ட் தேய்ந்து பளபளக்கும். டார்ச் அடித்துத் தேடினால் போதும். இதைப் பார்க்காமல் கிராங்கைக் கழற்றி பேலன்ஸ் செய்யக் கொடுப்பது வீண் செலவு.

பக்ஸ்டனைத் தாண்டினால் மேக்கிள்ஸ்ஃபீல்டுக்கு இறங்கும் ஏ537. உச்சியில், சுமார் 515 மீட்டர் உயரத்தில், முன்பு மதுக்கடையாக இருந்த கேட் அண்ட் ஃபிடில் கட்டடம். சாலைக்கும் அந்தப் பெயர்தான். மணிக்கு 50 மைல் வரம்பு, சராசரி வேகம் பிடிக்கும் கேமரா. இந்த வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் அலைந்தால் ஐசோலாஸ்டிக் மவுண்டின் பக்கவாட்டு இடைவெளி அதிகம் என்று பொருள்.

கையேட்டு அளவு 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மவுண்ட் போல்ட் இறுக்கமாக இருக்கும்போதே என்ஜின் கூட்டை ஒரு பக்கம் தள்ளி, மறு பக்கத்தில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைக்க வேண்டும். முன்னும் பின்னும் தனித்தனியாக. 0.020 வந்தால் 0.010 ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்று சேர்க்க வேண்டும். 1975இன் மார்க் 3இல் ஷிம் கிடையாது, வெர்னியர் வளையத்தைத் திருப்பினால் ஆயிற்று. இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் வளைவில் வண்டி தண்டவாளத்தில் போவது போலிருக்கும், ஆனால் அட்லஸின் நடுக்கம் திரும்பி வரும். 0.006 வரை இறக்கி ஓட்டுபவர்கள் உண்டு. நீண்ட பயணத்துக்கு 0.008க்குக் கீழே போகாதிருப்பது நல்லது. ரப்பர் கவசம் கிழிந்து தண்ணீர் புகுந்தால் உள்ளே துருப்பிடித்து, கேஜ் சரியாகக் காட்டினாலும் கூட்டு அசையாது. கழற்றிச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் பூச வேண்டும். புது ரப்பரை ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் இரண்டு சிலிண்டரும் ஒன்றுபோல் வேலை செய்யவில்லை. எலக்ட்ரானிக் இல்லாத பழைய கான்டாக்ட் பாயிண்ட் இக்னிஷன் வண்டி என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் தீப்பொறி டைமிங் வைத்துவிட்டு மறுபக்கத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு. இரண்டையும் ஸ்ட்ரோப் விளக்கில் 28 டிகிரிக்குத் தனித்தனியாக வைக்க வேண்டும். இரண்டு அமால் கார்புரேட்டரிலும் ஆக்சிலரேட்டர் கேபிள் தூக்கும் ஸ்லைடுகளுக்கு அடியிலும் ஒரே அளவு டிரில் பிட்டைக் கொடுத்துப் பார்த்தால், எந்தக் கேபிள் முந்துகிறது என்று தெரிந்துவிடும்.

மேக்கிள்ஸ்ஃபீல்டில் இறங்கியதும் டீக்கு முன் ஒரு வேலை. எக்ஸாஸ்ட் நட்டை, என்ஜின் சூடாக இருக்கும்போதே சி ஸ்பானரால் (கொக்கி வடிவ ஸ்பானர்) இறுக்கிவிட வேண்டும். தளர்ந்த நட் அதிர்ந்து அதிர்ந்து அலுமினிய ஹெட்டின் மரையைத் தின்றுவிடும்.