தொட்டுச் சாப்பிடும் மசியல்கள்: மகளின் முதல் திட உணவுக்காகச் செய்து பார்த்தவை

மகளுக்கு ஆறு மாதம் நிறைந்ததும் திட உணவு தொடங்கினோம். நாங்கள் தீத்துவதை மட்டும் வாங்கிக்கொண்டிராமல் அவள் தன் கையாலும் எடுத்துச் சாப்பிடட்டும் என்று, அவித்த மரக்கறித் துண்டுகளையும் அவற்றைத் தொட்டுக்கொள்ளச் சில மசியல்களையும் செய்ய ஆரம்பித்தேன். இப்போது அவளுக்கு ஒன்பது மாதம். இடையில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு பதத்தைப் பற்றியதே. மசியல் நீர்த்திருந்தால் துண்டில் நிற்காமல் முழங்கை வரை வழிகிறது. இறுகியிருந்தால் அண்ணத்தில் அப்பிக்கொண்டு விழுங்கச் சிரமம் தருகிறது. கரண்டியில் எடுத்துச் சரிக்கும்போது உடனே ஒழுகாமல், சற்றுத் தயங்கி மெத்தென்று விழுவதே நான் தேடும் பதம்.

தொட்டுக்கொள்ளக் கொடுப்பவை கரட், பூசணி, வத்தாளங்கிழங்கு, போஞ்சி ஆகியவற்றின் விரல் நீளத் துண்டுகள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு அவற்றை ஆவியில் அவிக்கிறேன். பச்சைக் கரட்டும் பச்சை அப்பிளும் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியவை என்பதால் எங்கள் தட்டுக்கு வருவதில்லை. அவசர நாட்களில் முறுகலில்லாத தோசையையோ இட்லியையோ நீளவாக்கில் கீறிக் கொடுப்பேன்.

முதலில் கைகூடியது மைசூர்ப் பருப்பு மசியல். ஊற வைக்கத் தேவையில்லை, தோலில்லை, இருபது நிமிடங்களில் குழைந்துவிடும். ஒரு பங்கு பருப்புக்கு நான்கு பங்கு தண்ணீர், ஓர் உள்ளிப் பல், சிட்டிகை மஞ்சள், வறுத்துப் பொடித்த நற்சீரகம் கொஞ்சம். இறக்குமுன் ஒரு கரண்டி தேங்காய் முதற்பால். இந்தப் பருப்பு ஆற ஆற இறுகும். அடுப்பில் சரியான பதத்தில் தெரிவது மேசைக்கு வரும்போது கட்டியாகிவிடுகிறது. ஆகவே, சற்று அதிகம் நீர்த்திருக்கிறதே என்று தோன்றும் கட்டத்திலேயே இறக்கிவிடுகிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்குத் தேவையான இரும்புச்சத்தைத் தாய்ப்பால் மட்டும் ஈடுசெய்வதில்லை. பருப்பில் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சுவதும் இல்லை. உயிர்ச்சத்து சி சேர்ந்தால் அந்த உறிஞ்சல் கூடும் என்பதால், பரிமாறும்போது தேசிக்காய்ச் சாறு சில சொட்டு விடுகிறேன். மஞ்சள் கறை பட்ட சட்டைகளைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

உப்பு எதிலும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த மாமிக்கு இதுதான் பெரிய மனக்குறை. “ஒரு கல்லு உப்பாவது போடும் பிள்ளை, வாய்க்கு வழங்காதே” என்று பருப்பைச் சுவைத்துப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 1 கிராம் உப்புக்கூடத் தேவைப்படாது, அதன் சிறுநீரகம் அதற்குமேல் தாங்காது என்று எங்கள் பகுதி மிட்வைஃப் வீட்டுக்கு வந்து விளக்கிய பிறகு மாமி உப்பை விட்டுவிட்டு நற்சீரகத்தைக் கூட்டினார். அது உண்மையிலேயே நல்ல திருத்தம். சீனியும் சேர்ப்பதில்லை. தேன், ஒரு வயது முடியும் வரை அறவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பக்டீரியா வித்துகள் சிறு குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அவை எளிதில் சாவதில்லை.

அதிக நேரத்தையும் பொறுமையையும் வாங்கியது கடலையும் (கொண்டைக்கடலை) எள்ளும் சேர்ந்த மசியல். அரபு நாட்டுச் சமையலில் ஹம்முஸ் என்று பெயர் பெற்றதன் உப்பில்லாத வடிவம் இது. கடையில் விற்கும் எள்ளு விழுதின் விலை கட்டுப்படியாகாததால் வீட்டிலேயே அரைத்தேன். மாமி கொண்டுவந்த கறுப்பு எள்ளில் தோலின் கசப்பு தூக்கலாக இருந்தது. வெள்ளவத்தைக் கடையில் வாங்கிய தோல் நீக்கிய வெள்ளை எள்ளுதான் இதற்குப் பொருந்தியது. மெல்லிய தணலில் நிறம் மாறத் தொடங்கும்போதே தட்டில் கொட்டிவிட வேண்டும், சூடான சட்டியில் விட்டால் அதுவே மேலும் வறுபட்டுக் கசந்துவிடும். அரைக்கையில் முதலில் பொடியாகும், பிறகு சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்ற மறுக்கும், வழித்துவிட்டு மீண்டும் ஓட்டினால் எண்ணெய் கசிந்து இளகும். நல்லெண்ணெய் அரைத் தேக்கரண்டி போதும். அதற்குமேல் விட்டால் அந்த வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது.

இந்த விழுதில் தண்ணீர் விடும் கட்டம் விசித்திரமானது. இளகி ஓடிக்கொண்டிருந்த விழுது, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் பட்டதும் வெளுத்து, களிமண் போல் இறுகி, கரண்டியையே பிடித்துக்கொள்ளும். எள்ளில் உள்ள மாவுப்பொருளும் புரதமும் அந்தக் கொஞ்ச நீரை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் இப்படி ஆகிறது. அங்கே நிறுத்தாமல் இன்னும் இரண்டு மூன்று கரண்டி விட்டு அடித்தால், திடீரென்று பிடி தளர்ந்து வழவழப்பான வெண்மசியலாகிவிடுகிறது. கச்சான் (நிலக்கடலை) விழுதும் அப்படியே நடந்துகொள்ளும். கட்டியான கச்சான் விழுது குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பதால், வெந்நீரிலோ தாய்ப்பாலிலோ நன்கு கரைத்து இளக்கிய பின்புதான் கொடுக்க வேண்டும்.

கடலையை இரவே ஊறப்போட வேண்டும். கொழும்பின் வெக்கையில் வெளியே வைத்தால் விடியும்போது நுரைத்துப் புளித்த வாடை வருவதால், பாத்திரத்தைக் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைக்கிறேன். சீக்கிரம் வேக அப்பச்சோடா போடும் வழக்கம் உண்டு. அதிலும் சோடியம் இருப்பதால் போடாமல், பிரஷர் குக்கரில் கூடுதல் நேரம் விடுகிறேன். வெந்த கடலையைத் தண்ணீருக்குள் கையால் கசக்கினால் தோல் மிதந்து வரும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தோலோடு அரைத்ததையும் தோல் நீக்கி அரைத்ததையும் அருகருகே வைத்தபோது வேறுபாடு நாக்கில் தெளிவாகத் தெரிந்தது. சூடாக இருக்கும்போதே, அவித்த தண்ணீரையே விட்டு அரைத்தால் மேலும் மிருதுவாகிறது.

எள்ளு, கச்சான், பசுப்பால், முட்டை, மீன் போன்ற ஒவ்வாமை தரக்கூடிய உணவுகளைத் தனித்தனியாக, மிகச் சிறிய அளவில், மகள் நோயின்றி இருக்கும் நாளில் காலையில் கொடுத்துப் பார்த்தோம். பகல் முழுவதும் கவனிக்கலாம், தேவைப்பட்டால் வைத்தியரிடமும் உடனே போகலாம் என்பதே காரணம். கச்சானைத் தள்ளிப்போடச் சொல்லும் பழைய அறிவுரை இப்போது மாறிவிட்டது. ஒவ்வாமைக்கு அதிக வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே கச்சானைத் தொடங்கி ஒழுங்காகக் கொடுத்து வந்தால் கச்சான் ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று இங்கிலாந்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. கடுமையான தோலழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையாயின் முதலில் வைத்தியரைக் கேட்பதே முறை.

கிழங்கு வகையில் ஒரே ஓர் எச்சரிக்கை: உருளைக்கிழங்கைப் பிளெண்டரில் போடக் கூடாது. அலகு வேகமாக வெட்டும்போது மாச்சத்து வெளியேறி, இழுத்தால் நூலாக நீளும் பசையாகிறது. முள்ளுக்கரண்டியால் மசித்தால் இந்தத் தொல்லை இல்லை. பூசணிக்கு நேர்மாறான சிக்கல், அதில் நீர் அதிகம். ஆவியில் அவித்த பின்னும் வெறும் சட்டியில் சிறிது நேரம் கிளறி ஈரத்தைப் போக்கினால்தான் துண்டில் நிற்கிறது.

ஆனைக்கொய்யாவுக்கு (அவகாடோ) சமையலே இல்லை. அரிசி வாளிக்குள் பழுக்கவைத்து, மசித்து, தேசிக்காய்ச் சாறு விட்டுக் கறுக்குமுன் கொடுத்துவிடலாம். சட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தால் தடிப்பான மசியல் கிடைக்கும். அதில் அவித்துத் துருவிய பீற்றூட் கலந்தது அவளுக்கு மிகவும் பிடித்தது. கிண்ணத்தில் வரும் யோகட்டில் பெரும்பாலும் சீனி இருப்பதால் அதை வாங்குவதில்லை.

சேமிப்பதில் கற்றது ஒன்று. அவள் தொட்டுச் சாப்பிட்ட கிண்ணத்தில் மிஞ்சிய வத்தாளங்கிழங்கு மசியல் சற்று நேரத்தில் மேலே தண்ணீர் விட்டு நெகிழ்ந்திருந்தது. உமிழ்நீரிலுள்ள நொதி மாச்சத்தைச் சிதைப்பதன் விளைவு அது. உமிழ்நீரோடு கிருமிகளும் சேர்ந்துதானே போகின்றன. அதனால் வேண்டிய அளவை முதலிலேயே வேறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை எறிந்துவிடுகிறேன். கைபடாத மசியல் குளிர்சாதனப்பெட்டியில் இரண்டு நாள். பருப்பும் கடலையும் ஐஸ் தட்டில் உறையவைத்தால் கட்டி கட்டியாக எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்துக் கொடுக்க வசதி. உறையவைத்த தயிர் திரிந்துவிடுகிறது.

இந்த மாதம் முதல் எதையும் முழுவதுமாக அரைப்பதில்லை. மென்று சாப்பிடப் பழகும் வயது என்பதால் கடலையில் பாதியைக் கையால் நசுக்கிச் சேர்க்கிறேன். பாரை மீனை அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, உருளைக்கிழங்குடனும் தேங்காய்ப்பாலுடனும் மசித்துப் பார்த்தேன். மணம் நன்றாக இருந்தது, பதம் இன்னும் வறண்டதாகவே இருக்கிறது. அடுத்த முறை கிழங்கைக் குறைத்துப் பருப்பு மசியலில் குழைத்துப் பார்க்க வேண்டும்.