தோட்டா நோட்டு

நீலகிரியில் ஒரு துப்பாக்கிக் கடையில் 22 வருடம் கணக்கு எழுதினேன். துப்பாக்கி விற்றேன் என்று சொல்லமாட்டேன். அது முதலாளியின் வேலை. என் வேலை நோட்டு. ஊட்டியில் ஜூன் மாதம் மழை பிடித்தால் தாள் எல்லாம் நனைந்த அப்பளம் போல் ஆகிவிடும், மை ஊறிப் பரவும். அதனால் நோட்டுகளைத் துப்பாக்கிகள் இருக்கும் அதே இரும்பு அறையில், நாற்பது வாட் பல்பு எரியவிட்டு வைத்திருந்தோம். துரு பிடிக்கக் கூடாது என்று குழலுக்கு எண்ணெய், பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று நோட்டுக்கு வெளிச்சம்.

ஒருவர் தோட்டா வாங்க வந்தால் முதலில் அவருடைய லைசென்ஸைப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது அதிலேயே எழுதியிருக்கும். அந்த ஆண்டில் ஏற்கெனவே வாங்கியது போக மீதி எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் லைசென்ஸின் பின்பக்கத்தில் தேதி, வகை, எண்ணிக்கை எழுதிக் கடை கையெழுத்து. எங்கள் நோட்டில் பெயர், ஊர், லைசென்ஸ் எண், தோட்டாவின் வகை 12 போரா 315-ஆ, எத்தனை, வாங்கியவர் கையெழுத்து. இதை எழுதாமல் ஒரு தோட்டா கூட மேஜையைத் தாண்டக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், முதலில் 1962-இலும் பிறகு 2016-இலும் வந்த விதிகளும் கேட்பது இதைத்தான். மாதக் கடைசியில் இருப்பும் நோட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. ஒரு முறை 315 தோட்டா ஒன்று கணக்கில் உதைத்தது. இரவு ஒன்பது மணிக்கு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே கிடந்ததைக் கண்டெடுத்த பிறகுதான் முதலாளி ஷட்டரை இறக்கினார்.

"துப்பாக்கி பெரிசு, ஒளிச்சு வைக்கிறது கஷ்டம். தோட்டா சட்டைப் பையில போகும். அதனால அதுக்குத்தான் கணக்கு வேணும்" என்பார் அவர். சரியான பேச்சு. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ஒன்று, லைசென்ஸ் இல்லாதவன் கைக்கு ஒரு ராத்திரிக்கு மாறினால் அது தோட்டாக் கணக்கில்தான் தெரியவரும். வருடத்துக்கு நான்கு தோட்டா வாங்கியவர் திடீரென்று மாதத்துக்குப் பத்து கேட்டால் கணக்கு எழுதுபவன்தான் முதலில் நிமிர்ந்து பார்ப்பான். ஆகவே கணக்கே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒருநாளும் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த நோட்டில் தோட்டாவோடு சேர்ந்து ஒரு மனிதனும் எழுதப்படுகிறான். அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது.

எங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட் காரர்கள் சிலர். வெலிங்டனைச் சுற்றி ஓய்வுபெற்ற ராணுவத்தினர். கீழ்க்கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்து ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து, வரும் கவுடர்கள். இவர்களில் பலருக்கு உருளைக்கிழங்கும் பூண்டும் கேரட்டும்தான் வாழ்க்கை. இரவில் காட்டுப்பன்றி ஒரு கூட்டம் இறங்கினால் மூன்று மாத உழைப்பு விடிவதற்குள் உழுது போட்டதுபோல் கிடக்கும். பன்றியைத் தன்னிஷ்டத்துக்குச் சுட விவசாயிக்கு உரிமை இல்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, சத்தத்துக்கு ஓடிவிடும், அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லாதவர்கள் சிலர் அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி, வைக்கிறார்கள்; அதைக் கடித்து வாய் சிதைந்து யானைகளே செத்திருக்கின்றன. வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, இரண்டு தோட்டா வாங்கிப் போகிறவர் மேல் எனக்கு மரியாதை இருந்ததற்கு அதுவும் காரணம்.

இந்த மலையில் வெடிமருந்து புதிய விஷயம் இல்லை. அருவங்காட்டில் கார்டைட் ஆலை நூறு வருடத்துக்கும் மேலாக ஓடுகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வேட்டைக்கென்றே இங்கே சங்கம் வைத்தார்கள்; 1879-இலேயே நீலகிரிக்கென்று தனி வேட்டைச் சட்டம் வந்துவிட்டது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் குடியிருந்து துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர் தன் பெயரை வனத்துறையிலும் பதிய வேண்டும். அந்தச் சுற்றளவில் புது லைசென்ஸ் கொடுக்க வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளர் சம்மதிக்க வேண்டும். முதுமலையைச் சுற்றியிருக்கிற எத்தனையோ வீடுகளுக்கு இது பொருந்தும். ஆக ஒரு துப்பாக்கிக்காரரின் பெயர் கலெக்டர் ஆபீஸில், போலீஸ் ஸ்டேஷனில், வனத்துறையில், எங்கள் கடையில் என்று நான்கு இடத்தில் இருக்கும். 2012-க்குப் பிறகு டெல்லி வரை போகும் தேசிய தகவல் தளத்திலும் சேர்ந்து, ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் வந்தது.

இத்தனை இடத்தில் பெயர் இருக்கிறதே, இவற்றையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் நோட்டு மேஜை மேல் விரித்தபடியே கிடக்கும். ஒரு பக்கத்தில் எட்டு வரி, எட்டுப் பேர். எட்டாவது ஆள் கையெழுத்துப் போட வந்தால் முன்னால் வந்த ஏழு பேரையும் படித்துவிட்டுத்தான் போடுவார். "ஓ, நம்ம ஆளு வாங்கியிருக்காரா" என்று சிரிப்பார். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

எல்லார் கையிலும் கேமரா போன் வந்துவிட்ட சமயம் அது. மஞ்சூர் பக்கத்துக் கவுடர் ஒருவர் செவ்வாய்க்கிழமை வந்து ஐந்து தோட்டா வாங்கினார். மூன்று நாள் கழித்து இன்னொரு வாடிக்கையாளரோடு துணைக்கு ஓர் ஆள் வந்தார். நான் பெட்டியை எடுக்க இரும்பு அறைக்குள் போய்த் திரும்ப இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் அந்தத் துணை ஆள் பக்கத்தைப் படம் எடுத்திருக்கிறார். எதற்கு எடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அந்தக் கவுடரின் ஹட்டிக்குக் கீழே, தேயிலைக்கும் சோலைக்கும் நடுவே கடமான் ஒன்று செத்துக் கிடந்தது. அன்று சாயங்காலமே எங்கள் நோட்டின் பக்கம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓடியது. அவர் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. 'இவர் போன வாரம் ஐந்து தோட்டா வாங்கியிருக்கிறார்' என்ற ஒரு வரி. அது உண்மைதான். அதனால்தான் அவரால் மறுக்கவும் முடியவில்லை.

வனத்துறை வந்தது, போலீஸும் வந்தது. கடைக்கு வந்து நோட்டைப் பார்த்தார்கள். பிறகு அவர் வீட்டுக்குப் போய் லைசென்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். காலித் தோட்டாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் சொந்தக் கட்டளை, எல்லாரிடமும் சொல்லி அனுப்புவார். கவுடர் அதைக் கேட்டு நடந்தவர். பிஸ்கட் டப்பாவில் இரண்டு காலி, மூன்று முழுசு. ஐந்தும் சரியாக இருந்தது. இரண்டு வெடியும் பன்றியை விரட்டப் போட்டவை. பக்கத்துத் தோட்டத்துக்காரரே சாட்சி. கால்நடை டாக்டர் மானை அறுத்துப் பார்த்தபோது உடம்பில் ரவையே இல்லை. கழுத்தில் சுருக்குக் கம்பி அறுத்த தழும்பு. யாரோ முயலுக்கோ பன்றிக்கோ வைத்த கம்பியில் மாட்டிச் செத்திருக்கிறது.

எந்த வரி அவரைக் குற்றவாளியாக்கியதோ அதே வரிதான் அவரைக் காப்பாற்றியது. அதிகாரிகள் மட்டும் பார்த்திருந்தால் ஒரே பகலில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஊர் பார்த்ததால் மாதக்கணக்கில் இழுத்தது. கோயில் திருவிழாவுக்கு அவர் வீட்டில் யாரும் வரி கேட்டுக்கூட வரவில்லையாம். வரி கேட்காமல் விடுவது எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய அவமானம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள் அல்லவா? அவர்களில் ஒருவர் குன்னூரைத் தாண்டி, பக்கத்தில் வேறு வீடே இல்லாத பங்களாவில் தனியாக இருக்கும் வயதான அம்மா. படம் சுற்றிய மறுநாள் போன் செய்தார். "தம்பி, என் வீட்டில துப்பாக்கி இருக்கிறது என் பாதுகாப்புக்கு. இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்ச பிறகு, அதுவேதான் எனக்கு ஆபத்து. நான் டவுனுக்குப் போற நாளைப் பார்த்து எவனாவது பூட்டை உடைச்சா என்ன செய்யறது?" நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. அவர் அந்தத் துப்பாக்கியைக் கடையிலேயே டெபாசிட் வைத்துவிட்டார். நோட்டை விரித்துப் போட்டவன் நான். முதலாளி என்னைத் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் மற்ற ஊர்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தோட்டா வாங்குகிறவரின் பெயரைக் கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும் என்றது. 1986-இல் வேறொரு சட்டம் கொண்டுவந்து, கவசத்தைத் துளைக்கும் வகைகள் தவிர மற்றவற்றுக்கு அந்தக் கணக்கையே எடுத்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் 2016-இல் மக்கள் வாக்களித்து, 2019 ஜூலையிலிருந்து தோட்டா வாங்குபவருக்கும் பின்புலச் சோதனை என்று மறுபடி கொண்டுவந்தார்கள். அது நீதிமன்றத்தில் இழுபட்டது. எழுதுவதா வேண்டாமா என்பதிலேயே அங்கே ஐம்பது வருடம் சண்டை. எனக்கு அதைவிட வேறு இரண்டு விஷயங்கள் மனதில் தைத்தன. 2012 டிசம்பரில் நியூயார்க்கை ஒட்டிய இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருப்பவர்களின் பெயரையும் வீட்டையும் ஒரு பத்திரிகை வரைபடமாகவே போட்டுவிட்டது. 2022 ஜூனில் கலிபோர்னியா அரசின் இணையதளத்திலிருந்தே, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதிக்கு விண்ணப்பித்த சுமார் 1,92,000 பேரின் விவரம் கசிந்தது. படித்தபோது எனக்கு அந்தப் பங்களா அம்மாவின் குரல்தான் கேட்டது.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. இந்த மூன்றையும் என் நோட்டில் வைத்துப் பார்த்தேன். சட்டம் இருக்கிறது. நோக்கம் நியாயமானது. மூன்றாவதில்தான் நாங்கள் தோற்றோம். எழுதச் சொன்ன சட்டம், விரித்துப் போடச் சொல்லவில்லை. 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமும் டிஜிட்டல் வடிவில் இருப்பதற்குத்தான்; தாளிலேயே இருக்கும் நோட்டு அதற்குள் வராது. மலையில் இன்னும் எத்தனையோ மேஜைகளில் தாள் நோட்டுதான் விரிந்து கிடக்கிறது. மருந்துக் கடையில், லாட்ஜில், அடகுக் கடையில்.

முதலாளியும் நானும் பேசி இரண்டு காரியம் செய்தோம். பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு மட்டும் கீறி ஜன்னல் போல் வெட்டினேன். கையெழுத்துப் போட வருகிறவருக்கு அவர் வரி மட்டும் தெரியும். மேலும் கீழும் அட்டை மூடிவிடும். இதைச் செய்ய ஐந்து ரூபாய் கூடச் செலவில்லை. இன்னொன்று, ஒரு புது நோட்டு போட்டோம். தோட்டா நோட்டை யார் பார்த்தார்கள், எந்தப் பதவி, எந்தத் தேதி, எந்தக் கடிதத்தின் பேரில், எந்தப் பக்கம், பார்த்தவர் கையெழுத்து. வாங்குகிறவனுக்குக் கணக்கு இருக்கும்போது பார்க்கிறவனுக்கு ஏன் இருக்கக் கூடாது? கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவுகளுக்கும் இதையே கேட்கிறேன். லைசென்ஸ்காரர் கேட்டால், உன் பெயரை இன்னின்னார் இந்தத் தேதியில் திறந்து பார்த்தார்கள் என்று சொல்ல முடிய வேண்டும்.

முதலில் பயம்தான், அதிகாரிகள் கோபித்துக்கொள்வார்கள் என்று. முதலில் வந்த இன்ஸ்பெக்டர் பேனாவை வாங்கி ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோபப்பட்டவர்கள் எல்லாம் அதிகாரிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் தேர்தல் சமயத்தில் வந்தார். துப்பாக்கிகள் எல்லாம் டெபாசிட்டுக்கு வந்து, சாக்கிலும் கம்பளியிலும் சுற்றி வரிசையாக நின்றிருந்த நேரம். யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று ஊர்வாரியாக ஒரு பட்டியல் வேண்டும் என்றார். நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, பெயரும் காரணமும் எழுதுங்கள் சார் என்றேன். அப்புறம் வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை.

மஞ்சூர் கவுடர் ஒரு வருடம் கடைப்பக்கம் வரவில்லை. அடுத்த உருளைக்கிழங்குப் பருவத்தில் வந்தார். நான் எழுந்து நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல், தோட்டா நோட்டுக்குப் பதில் அந்தப் புது நோட்டை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் பக்கம் எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்று தேடிக் காட்டினேன். இரண்டே இரண்டு வரி இருந்தது. வனத்துறை ஒன்று, போலீஸ் ஒன்று. இரண்டும் அந்த விசாரணைக்காக, பின்னால் நான் தேதி போட்டு எழுதிச் சேர்த்தவை. படம் எடுத்தவரின் பெயர் எனக்குத் தெரியாததால் அந்த வரியை வெறுமையாக விட்டிருந்தேன். அவர் அந்த வெறும் வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"ரெண்டு போதும் தம்பி" என்றார். காலண்டர் அட்டையை அவரே நோட்டின் மேல் நகர்த்தி வைத்து, ஜன்னலுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான்கு மணி மஞ்சூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.