முதல் வாடகை வீடு வாங்கியபோது நான் கேட்காமல் விட்ட கேள்வி

வாடகைக்கு விடலாம் என்று ஒரு ஃபிளாட் வாங்கும் முன்பு எட்டு மாதம் விசாரித்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த இடம் விலை ஏறுமா?" யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றையே சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறேன். வீடு காலியாகக் கிடந்தால் எத்தனை மாதம் தாங்க முடியும் என்று எனக்குள் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்திர விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தேன். விற்பவர் பரிந்துரைத்த வக்கீலை விட்டுவிட்டு, எனக்கென்று தனியாக ஒருவரை வைத்தேன். அந்த வீட்டின் மேல் இருந்த பழைய அடமானம் ரத்தாகாமல் கிடந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். கடனை எப்போதோ அடைத்துவிட்டார்கள், பதிவில் நீக்கவில்லை. அதைச் சரிசெய்யும்வரை முன்பணம் தரவில்லை. மூன்று வாரம் தள்ளிப்போனது, போகட்டும்.

பிசகியது வாடகைக் கணக்கு. 12 மாத வாடகையைக் கூட்டி, வீட்டு விலையோடு ஒப்பிட்டு, 5 சதவீதம் வருகிறது என்று நம்பினேன். முதல் வருடமே குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். அடுத்த குடும்பம் வர இரண்டு மாதம் ஆனது. அதிலேயே வருட வாடகையில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அப்புறம் பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, காப்பீடு, குளியலறைக் கசிவு, பெயிண்ட், புது ஆள் பிடித்துத் தந்த தரகருக்குக் கமிஷன். எல்லாம் கழித்தபின் 3 சதவீதம்கூட நிற்கவில்லை. கடன் வட்டியோ 8 சதவீதம். துண்டு விழுந்ததை மாதாமாதம் சம்பளத்திலிருந்து போட்டேன்.

கடன் வாங்கி முதலீடு செய்வது எவ்வளவு கூர்மையான கத்தி என்பது அப்போதுதான் உறைத்தது. விலையில் 20 சதவீதம் என் பணம், 80 சதவீதம் கடன். விலை 10 சதவீதம் இறங்கினால், என் பணத்தில் பாதி போன மாதிரி. கடன் ஒரு பைசா குறையாது. பதிவுச் செலவும் கமிஷனும் இந்த 20 சதவீதத்துக்கு வெளியே, அதுவும் கையிலிருந்து போனதுதான்.

மாறும் வட்டி இன்னொரு பயம். 20 வருடக் கடனில் வட்டி 8-லிருந்து 10 சதவீதமானால் தவணை சுமார் 15 சதவீதம் கூடும். 'தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிக்கொள்ளலாம்' என்பார்கள். கடனின் தொடக்கத்தில் அப்படி நடந்தால், பழைய தவணை கிட்டத்தட்ட முழுக்க வட்டிக்கே போய்விடும், அசல் நகராது. இதை நானே ஒரு விரிதாளில் போட்டுப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை.

விற்றுவிடலாமா என்றும் யோசித்தேன். பங்கு மாதிரி நினைத்த நாளில் விற்கக்கூடிய பொருள் இல்லை வீடு. அவசரம் தெரிந்தால் வாங்குபவர் விலையை அடிப்பார். அதனால் வைத்துக்கொண்டேன். வாடகையில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்குகிறேன். வருட வாடகையை 12-க்குப் பதில் 10 மாதமாகத்தான் இப்போது கணக்கு வைக்கிறேன்.

இரண்டாவது ஃபிளாட் ஒன்று போன மாதம் விலைக்கு வந்தது. நல்ல இடம், எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் ஆறு மாதத் தவணைக்கான பணம் தனிக் கணக்கில் சேர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நாலு மாதத்துக்குத்தான் சேர்ந்திருக்கிறது. இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.